ஓவர்க் கணக்கை எழுது

தெமியாங்,
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள தம்பிக்கு,

இங்கிலாந்தில் லங்காஷயர்ப் பக்கத்துக் கிளப்புகளுக்கு அனுப்புவதற்கென்று நீ எழுதி, என் அபிப்பிராயத்தைக் கேட்டுக் கொடுத்துவிட்டுப் போன விண்ணப்பத்தை நேற்றிரவு இரண்டு முறையும் இன்று விடியற்காலை ஒரு முறையும் சிரத்தையோடு வாசித்தேன். பத்து ஆண்டுகளாகச் சிரம்பானிலும் கோலாலம்பூரிலும் இடக்கைச் சுழற்பந்து வீசிவரும் உன் அனுபவத்தில் எனக்குச் சந்தேகம் கிடையாது. ஆனால் அந்த அனுபவம் உன் கடிதத்தில் தென்படவில்லை. விக்கெட்டுகளின் தொகையும் கோப்பைகளின் பெயரும்தான் தென்படுகின்றன. உன்மீதுள்ள வாத்சல்யத்தால் இதை ஒளிக்காமல் சொல்கிறேன்.

உன் கடிதத்தை யார் பிரித்துப் பார்க்கப் போகிறார்கள் என்பதை முதலில் மனத்தில் வாங்கிக்கொள். 1892இல் தோன்றிய லங்காஷயர் லீக்கில், ஊதியம் கொடுத்து ஒரே ஒரு ஆட்டக்காரரை வைத்துக்கொள்வதும், மற்றப் பத்துப் பேரும் வாரமெல்லாம் வேறு வேலை பார்த்துவிட்டு விடுமுறையில் மைதானத்துக்கு வரும் உள்ளூர்க்காரர்களாக இருப்பதும் நெடுநாளைய மரபு. அந்த ஒருவரைக் கடல் கடந்து தேடியதும் உண்டு. 1929 முதல் 1937 வரை நெல்சன் கிளப்பில் இருந்த திரினிடாட்டின் லியரி கான்ஸ்டன்டைன் காலத்தில் அந்தச் சிறிய ஊர் ஏழு முறை வாகை சூடிற்று. அங்கத்தினர்கள் கொடுக்கும் பணத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஆள் தேடும் அந்தக் கமிட்டியார், நீ நன்றாக வீசும் நாளில் என்ன செய்வாய் என்று யோசிப்பதைவிட, பந்து திரும்பாத, கேட்சுகள் தவறுகிற, எதிரணி அடித்து நொறுக்குகிற சனிக்கிழமையில் நீ என்ன செய்வாய் என்பதையே அதிகம் யோசிப்பார்கள். அதற்கு விடை ஓவர்க் கணக்கில் இருக்கிறது.

ஓர் உதாரணம் சொல்கிறேன். நிதானமாகவே சொல்கிறேன், ஏனெனில் இது என் மனத்துக்கு மிகவும் உகந்த விஷயம். நம் முன்னோர் ரப்பர்த் தோட்டங்களுக்கு வந்ததுபோலவே கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போன இந்தியர்களின் வம்சத்தில், திரினிடாட் தீவில் 1929இல் பிறந்தவர் சன்னி ராமதின். மேற்கிந்திய அணியில் இடம்பெற்ற முதல் இந்திய வம்சாவளியினர். பாய் விரித்த பிட்ச்களில் விளையாடிப் பழகி, முதல்தர ஆட்டங்கள் இரண்டே இரண்டு ஆடிய நிலையில் 1950இல் இங்கிலாந்துக்குப் போன அந்த இளைஞர், லார்ட்ஸ் மைதானத்தில் 11 விக்கெட் சாய்த்து, மேற்கிந்திய அணி இங்கிலாந்து மண்ணில் பெற்ற முதல் டெஸ்ட் வெற்றிக்கு ஆதாரமானார். இதை எல்லோரும் சொல்வார்கள். நான் உனக்குச் சொல்ல விரும்புவது 1957இல் எட்ஜ்பாஸ்டனில் நடந்தது. முதல் இன்னிங்ஸில் 49 ரன்னுக்கு 7 விக்கெட் எடுத்த அவரை, இரண்டாம் இன்னிங்ஸில் இங்கிலாந்தின் பீட்டர் மேயும் காலின் கவுட்ரியும் காலை நீட்டிப் பேடால் தடுத்துத் தடுத்தே 411 ரன் சேர்த்தார்கள். அந்த இன்னிங்ஸில் ராமதின் வீசியவை 98 ஓவர்கள்; கொடுத்தவை 179 ரன்கள்; கிடைத்தவை 2 விக்கெட்டுகள். உன் கடிதம் எழுதப்பட்டிருக்கும் கிரமப்படி பார்த்தால் அது தோல்வி. ஒரு நாள் முழுதும் பலன் கிட்டாமல், உடல் ஓய்ந்து, அப்போதும் ஓவருக்கு இரண்டு ரன்கூடக் கொடுக்காமல் ஒரு முனையைக் காத்து நிற்பவனை அந்தக் கணக்கில் பார்க்கத் தெரிந்தவர்களுக்கோ, அதைவிடப் பெரிய யோக்கியதாபத்திரம் வேறு வேண்டியதில்லை. மத்திய லங்காஷயர் லீக்கில் கிராம்ப்டன் கிளப்புக்கு ஆடி, அந்த வட்டாரத்திலேயே குடியேறிவிட்ட அவர், 2022இல் 92ஆம் வயதில் காலமானார்.

உன்னைப்போலவே இடக்கைச் சுழற்பந்து வீசிய வினூ மன்கட்டையும் நினைத்துக்கொள். 1952இல் ஹாஸ்லிங்டன் கிளப்பின் ஒப்பந்தத்தில் இருந்த அவரை, முதல் டெஸ்ட்டில் தோற்ற இந்திய அணி கேட்டு வாங்கிக்கொண்டது. லார்ட்ஸில் 72 ரன் அடித்து, 73 ஓவர் வீசி 5 விக்கெட் எடுத்து, மறுபடி இறங்கி 184 அடித்தார். ஆட்டம் இந்தியாவுக்குத் தோல்விதான். கிளப்பில் சம்பளம் வாங்குகிறவன் மட்டையும் பிடிக்க வேண்டியிருக்கும். ஆகையால் உன் மட்டை வீச்சைப் பற்றிய உண்மையையும் இரண்டு வரியில் எழுது.

இப்படிக் கணக்குப் பார்ப்பது எனக்குத் தோட்டத்தில் வந்த பழக்கம். எழுத்து வேலை பார்க்கும் கிராணியாக இருந்து, ஆட்களின் வருகையைப் பதியும் செக்ரோல் எழுதியவன் நான். என் தகப்பனார் பால்மரம் வெட்டியவர். இருட்டு விலகுமுன் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு நிரைக்குள் நுழைந்து, மரத்துக்கு மரம் மணிக்கட்டைச் சாய்த்து, காகிதம்போல் ஒரு சீவல் பட்டையை மட்டும் எடுப்பார். உளி ஆழப் பதிந்தால் மரம் காயப்பட்டு, புதுப்பட்டை முண்டும் முடிச்சுமாக வளரும், மேலோடு போனால் பால் வடியாது. முதல் மரத்துக்கும் கடைசி மரத்துக்கும் வெட்டில் வித்தியாசம் இராது. அவர் மணிக்கட்டைப் பார்த்து வளர்ந்ததால்தான் உன் மணிக்கட்டு எனக்குப் பிடித்துப்போயிற்று. மாத முடிவில் தோட்டத் துரை ஒவ்வோர் ஆளைப் பற்றியும் என்னிடம் கேட்ட முதற்கேள்வி, எத்தனை நாள் வேலைக்கு வந்தான் என்பது. எத்தனை இராத்தல் பால் என்பது அதற்கு அப்புறம்.

ஆகவே, எத்தனை ஆட்டங்களில், எத்தனை ஓவர், எத்தனை மெய்டன், ஓவருக்கு எத்தனை ரன் என்று முதலில் எழுது. விக்கெட் பிறகு வரட்டும். நீ சேர்த்திருக்கும் வீடியோவில் விக்கெட் விழும் பந்துகளை மட்டும் ஒட்டியிருக்கிறாய். அதை எடுத்துவிட்டு, பந்துவீச்சாளன் முதுகுப்புறமிருந்து பிடித்த பத்து ஓவர்களை, சிக்ஸர் போன பந்தும் உட்பட, வெட்டாமல் அனுப்பு. ஏப்ரலில் தொடங்கும் லங்காஷயர்ப் பருவத்தில் முதல் இரண்டு மாதம் குளிரும் ஈரமுமாக இருக்கும். விரல் மரத்துப்போகும், நனைந்த பந்து வழுக்கும். அந்நாட்களில் நேராகவும் தட்டையாகவும் வீசப் பழகியிருக்கிறேன் என்று உன்னால் சத்தியமாக எழுத முடியுமானால் எழுது. இல்லாவிட்டால் இப்போதே ஈரப் பந்தில் பழகு. வார நாட்களில் மாலையில் கிளப்புச் சிறுவர்களுக்குக் கற்றுக்கொடுக்கச் சம்மதம் என்பதையும் சேர்த்துக்கொள்.

தங்குமிடம், விமானக் கட்டணம், சம்பளம், காயம்பட்டால் வைத்தியச் செலவு எல்லாவற்றையும் எழுத்தில் கேட்டு வாங்கு. ஊதியம் பெற்று ஆடுபவனுக்கு அதற்குரிய விசாவும் இங்கிலாந்துக் கிரிக்கெட் வாரியத்தின் ஒப்புதலும் வேண்டும். சுற்றுலாப் பயணியாகப் போய்ச் சம்பளம் வாங்கி ஆடலாம் என்று சொல்லி முன்பணம் கேட்கும் ஏஜெண்டை வாசற்படி ஏற்றாதே.

பதில் வராவிட்டால் மனம் சோராதே. டெஸ்ட்டில் 537 விக்கெட் எடுத்த அஸ்வின், 2025இல் ஐபிஎல்லை விட்டு விலகி வெளிநாட்டு லீக்குகளில் இடம் நாடியபோது, அமீரகத்து ஏலத்தில் அவரை எந்த அணியும் எடுக்கவில்லை. ஆஸ்திரேலியாவின் சிட்னி தண்டர் அணி அழைத்துக்கொண்ட பிறகும் முழங்கால் காயத்தால் அந்தப் பருவம் ஆட முடியாமல் போயிற்று. அவரே 2021இல் சர்ரே அணிக்கு ஒரே ஓர் ஆட்டம் ஆடினார். புதுப் பந்தைக் கொடுத்து முதல் ஓவரை வீசச் சொன்னார்கள், வீசினார். அந்த இன்னிங்ஸில் 43 ஓவருக்கு ஒரே விக்கெட். அடுத்த இன்னிங்ஸில் 27 ரன்னுக்கு ஆறு.

வெள்ளிக்கிழமை மாலை திருத்திய கடிதத்தோடு வா. வரும்போது பழைய ஸ்கோர் புத்தகங்களை எல்லாம், கரையான் அரித்ததையும் விடாமல், எடுத்து வா. பத்து ஆண்டின் ஓவர்களையும் நானே உட்கார்ந்து கூட்டித் தருகிறேன்.

அன்புடன்,
மாமா