பண்ணைக்கும் குடும்பத்துக்கும் ஏற்ற கையடக்க வானொலிப் பேசிகள்: தெரிந்தெடுக்கும் முறை

2018-ம் வருஷம் நவம்பர் மாதம் 16-ந் தேதி அதிகாலையில் கஜா புயல் வேதாரணியத்துக்கு வடக்கே கரையைக் கடந்தது. நாகப்பட்டினம், திருவாரூர், தஞ்சாவூர், புதுக்கோட்டை ஜில்லாக்களில் தென்னந்தோப்புகள் வேரோடு சாய்ந்ததை யாவரும் அறிவர். அன்று சாய்ந்தவை மரங்கள் மட்டும் அல்ல. மின்சாரம் நின்றபடியால் கைபேசிக் கோபுரங்களும் ஓய்ந்தன; பல கிராமங்களில் நாட்கணக்காகக் கைபேசி வெறும் கண்ணாடித் துண்டாகக் கிடந்தது. தோப்பில் காவலிருந்தவர் சுகமாயிருக்கிறாரா என்பதை வீட்டார் அறிய வேண்டுமானால் ஆள் நடந்துபோய்ப் பார்ப்பதன்றி வேறு வழியில்லை. பாதையெங்கும் மரங்களோ குறுக்கே விழுந்து கிடந்தன. கோபுரத்தின் உதவியின்றி ஒரு கருவியிலிருந்து மற்றொரு கருவிக்கு நேரே பேசக்கூடிய வாக்கி-டாக்கிகளைப்பற்றிக் குடியானவர்கள் விசாரிக்கத் தொடங்கியிருப்பது இதனாலேயே. விசாரிப்பது நல்லதே, ஆனால் விசாரியாமல் வாங்குவோரே மிகுதி.

இக்கருவி புதிதன்று. இரண்டாம் உலக யுத்தத்தில் அமெரிக்கப் படைவீரர் முதுகில் சுமந்து சென்ற கருவியே வாக்கி-டாக்கி என்னும் பெயரைப் பெற்றது. அதன் எட்டம் சுமார் 3 மைல். கையில் பிடித்துப் பேசும் சிறு கருவியும் அதே காலத்தில் வந்தது. அது 2 கிலோவுக்கு மேல் கனமுடையதாயிருந்தும் ஒரு மைலளவே எட்டிற்று. இக்காலத்துக் கருவி சட்டைப்பையில் அடங்குகிறது. ஆயினும் எட்டம் மட்டும் கனம் குறைந்த அளவுக்கு வளர்ந்துவிடவில்லை. காரணம் பின்னர்க் கூறப்படும்.

வாங்குமுன் அறியவேண்டியது சட்டம். வானொலி அலைகளை வெளியிடும் கருவியை உரிமமின்றி வைத்திருப்பதே 1933-ம் வருஷத்துக் கம்பியில்லாத் தந்திச் சட்டத்தின்படி குற்றமாக இருந்தது. பழைய சட்டங்களின் இடத்தில் 2023-ல் இயற்றப்பட்ட தொலைத்தொடர்புச் சட்டமும் இக்கருவிகளை வைத்திருப்பதற்கு அனுமதி வேண்டும் என்றே கூறுகிறது. இதற்கு விலக்காகச் சில அலைவரிசைகளில் இயங்கும் சிறு சக்திக் கருவிகளுக்கு உரிமம் வேண்டியதில்லையென 2018-ம் வருஷத்து விதிகள் ஏற்பாடு செய்தன. பண்ணைக்கு உதவக்கூடியது அவற்றுள் 446.0 முதல் 446.2 மெகாஹெர்ட்ஸ் வரையுள்ள அலைவரிசை. அதில் மட்டுமே இயங்கும் கருவியை, சர்க்காரின் கருவிவகை ஒப்புதல், அதாவது ஈ.டி.ஏ. சான்று, பெற்றதா என்று பார்த்து வாங்கலாம். ‘மட்டுமே’ என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். 400 முதல் 520 மெகாஹெர்ட்ஸ் வரையில் எங்கு வேண்டுமானாலும் திருப்பிக்கொள்ளக்கூடிய 5 வாட் கருவிகள் இணைய அங்காடிகளில் மலிவாய்க் கிடைத்துவந்தன. அவை 446-லும் பேசும் என்பது உண்மையே. ஆனால் பிறர்க்கு ஒதுக்கப்பட்ட அலைவரிசைகளிலும் பேசுமாதலால் விலக்குக்குள் வாரா. விற்பனைப் பக்கத்தில் அலைவரிசையும், உரிமத் தேவையும், ஒப்புதலும் தெளிவாய்க் காட்டப்பட வேண்டுமென்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2025-ம் வருஷம் மே மாதத்தில் நெறிமுறை வெளியிட்டதும் இக்குறையை நோக்கியே. இவ்விவரங்கள் காட்டப்படாத சரக்கைத் தொடாதிருப்பது நலம்.

மற்றொன்று. அமெரிக்காவில் வேலையிலிருக்கும் மகனோ மருமகனோ ஊருக்கு வரும்போது ஆசையாய் ஒரு ஜோடிக் கருவி வாங்கி வருவதுண்டு. அந்நாட்டில் 1996-ல் ஏற்பட்ட குடும்ப வானொலிச் சேவைக்கு உரிமம் வேண்டியதில்லை. ஆனால் அது 462, 467 மெகாஹெர்ட்ஸ் பகுதிகளில் நடைபெறுகிறது; நம் நாட்டில் அவ்வலைகளுக்கு அவ்விலக்கு இல்லை. அன்பளிப்பாக வந்ததென்பது சட்டத்துக்குச் சமாதானம் ஆகாது.

இனி எட்டம். பெட்டியின்மேல் 35 மைல் என்று அச்சிட்டிருப்பதைக் கண்டு ஏமாறாதவர் குறைவு. அது மலையுச்சியில் ஒருவரும் கீழே திறந்த சமவெளியில் ஒருவரும் நிற்க, இடையில் ஒரு தடையுமில்லாதபோது கிடைக்கும் தூரம். வயலில் நிற்பவருக்கு அது எவ்வாறு கிடைக்கும்? இவ்வலைகள் ஏறக்குறையக் கண்பார்வையைப்போல் நேர்கோட்டில் செல்வன. பூமியின் வளைவு ஒன்றையே கணக்கிட்டால், தரையிலிருந்து ஒன்றரை மீட்டர் உயரத்தில் கருவி பிடித்த இருவர்க்கிடையே சுமார் 10 கிலோமீட்டர் வரை அலை செல்லலாம். ஒருவர் 9 மீட்டர் உயரமான இடத்தில் நின்றால் அது 17 கிலோமீட்டராகிறது. இது வெட்டவெளிக் கணக்கு. வீட்டுச் சுவர், தென்னந்தோப்பு, ஆளுயரக் கரும்பு, மழையில் நனைந்த இலைகள் ஆகிய ஒவ்வொன்றும் அலையை உறிஞ்சிக்கொள்ளும். சமவெளி வயல்களில் ஓரிரண்டு கிலோமீட்டர் தெளிவாய்ப் பேச முடிந்தால் திருப்தியடையலாம். அடர்ந்த தோப்பினுள் ஒரு கிலோமீட்டரும் கிட்டாமற் போகலாம். நடுவே குன்று நின்றால் அரைக் கிலோமீட்டரும் ஐயமே.

சக்தியை ஏற்றினால் தீராதோ என்பர். தடையற்ற வெளியிலேயே தூரத்தை இரட்டிக்க நான்கு மடங்கு சக்தி வேண்டும். தரையையொட்டிப் பேசுகையில் அது பதினாறு மடங்குக்கு நெருங்கிவிடும். ஆகவே அரை வாட்டுக்குப் பதில் 5 வாட் என்று சட்டத்தை மீறுவதால் வரும் லாபம் வாங்குவோர் நினைப்பதில் பாதிகூட இல்லை. செலவின்றி எட்டத்தைப் பெருக்குவது உயரமே. சோளக்கொல்லையில் கிளி ஓட்டவும், கடலைக்காட்டில் பன்றி காக்கவும் போடும் பரண் இதற்கும் உதவும். வீட்டில் மொட்டைமாடியும், ஆற்றோரத்தில் கரையும், ஏரிப்புறத்தில் மேட்டுக்கரையும் உள்ளன. பேசும் நேரத்துக்கு மட்டும் அவ்விடம் ஏறினால் போதும். இடி மின்னல் வேளையில் பரணில் நின்று பேசுவது உயிருக்கு ஆபத்து; அவ்வேளையில் இறங்கிவிட வேண்டும். கருவியை இடுப்பில் செருகியபடி பேசுவோர் தம் உடம்பையே அலைக்குச் சுவராக்குகின்றனர். முகத்துக்கு நேரே, ஏரியல் செங்குத்தாக நிற்கும்படி பிடிக்க வேண்டும்.

ஆகையால் வாங்குவதற்கு முன்னோ, திருப்பிக்கொடுக்கும் தவணைக்குள்ளோ, நிலத்தில் நடந்து பார்ப்பதே உண்மையான பரீட்சை. கொள்ளிடக் கரையில் வீடும், அக்கரைப் படுகையில் 6 ஏக்கர் கரும்பும், வீட்டுக்குத் தெற்கே ஒன்றரைக் கிலோமீட்டரில் நஞ்சையும் உள்ள ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். தகப்பனார் வீட்டுத் திண்ணையில் ஒரு கருவியுடன் அமர்கிறார். மகன் மற்றொன்றுடன் நஞ்சையின் நான்கு மூலைகளுக்கும், மோட்டார் கொட்டகைக்குள்ளும், பின்பு அக்கரைக்கும் செல்கிறான். ஒவ்வோரிடத்திலும் ஒன்று முதல் பத்துவரை எண்ணுகிறான். தெளிவு, கரகரப்பு, இல்லை என்று தகப்பனார் நோட்டில் குறிக்கிறார். நஞ்சை முழுவதும் தெளிவு. கொட்டகைக்குள் கரகரப்பு, வாசலுக்கு வந்தால் தெளிவு. அக்கரைக் கரும்பு நடுவில் இல்லை, கரைமேட்டில் ஏறினால் தெளிவு. இவ்வளவும் தெரிந்த பின்னர் அக்குடும்பம் பொருத்தமானதையே வாங்கும். எங்கு நின்று பேச வேண்டுமென்பதும் அவர்களுக்குத் தெரிந்திருக்கும். இச்சோதனையைக் கோடையில் வெறும் தரிசாய்க் கிடக்கும்போது செய்து மகிழ்வதில் பயனில்லை. கரும்பு உயர்ந்து நிற்கும் பருவத்தில், பாட்டரி பாதி தீர்ந்த நிலையில் செய்ய வேண்டும். ஆபத்து வரும் வேளையும் அத்தகையதே.

மலையடிவாரத்துக் குடியானவர் இப்பரீட்சையில் தோல்வி கண்டால் வியப்பில்லை. 27 மெகாஹெர்ட்ஸ் பக்கத்திலுள்ள மற்றோர் அலைவரிசையும் உரிம விலக்குப் பெற்றது. அது மேடுபள்ளங்களைச் சற்று வளைந்து கடக்கும். ஆனால் அதற்குப் பொருத்தமான ஏரியல் இரண்டே முக்கால் மீட்டர் நீளம் ஆதலின் டிராக்டருக்கும் ஜீப்புக்குமே தக்கது. சட்டைப்பைக்கு ஒவ்வாது.

பாட்டரி விஷயத்தில் பெட்டியில் எழுதியிருக்கும் மணிக்கணக்கு, நூற்றுக்கு 5 பங்கு நேரம் பேசி, 5 பங்கு கேட்டு, 90 பங்கு சும்மாயிருக்கும் கணக்கில் எடுத்தது. அதிகம் பேசும் குடும்பத்துக்கு அவ்வளவு வராது. லித்தியம் பாட்டரி இலேசானது, நீடிப்பது. ஆனால் புயலுக்குப் பின் மின்சாரமற்ற நான்காம் நாளில் அதை எங்கே நிரப்புவது? கடைத்தெருவில் விற்கும் பென்சில் பாட்டரியையும் போட்டுக்கொள்ளத்தக்க கருவியே கிராமத்துக்கு ஏற்றது. சிறு சூரியசக்தித் தகடு வைத்திருப்போர் இதற்குக் கவலைப்பட வேண்டியதில்லை. நீர், தூசிக் காப்புக்கு ஐ.பி. 67 என்ற குறியுள்ளது புழுதி புகாதது. ஒரு மீட்டர் ஆழ நீரில் அரை மணி கிடந்தாலும் கெடாதது. சேற்று நடவில் இடுப்பிலிருந்து நழுவும் பொருளுக்கு இது ஆடம்பரமன்று.

இரகசியக் குறி என்று சில கருவிகளில் எண்கள் காணப்படும். பெயரைக் கேட்டு மயங்கலாகாது. அது பிறர் பேச்சை நம் காதில் விழாமல் தடுக்குமேயன்றி நம் பேச்சைப் பிறர் கேளாமல் தடுக்காது. நெல் விலையையும், வீட்டில் ஆளில்லாத செய்தியையும் அதில் பேசுதல் சந்தையில் கூவுதற்கு ஒப்பாகும். வெவ்வேறு கம்பெனிக் கருவிகளை ஒன்றோடொன்று பேசவைக்க இயலும். ஆயினும் ஒன்றில் 5 என்ற குறி மற்றொன்றில் வேறாயிருக்கக்கூடும். குறியை முற்றிலும் நீக்கிவிட்டு ஒரே வாய்க்காலில் பேசினால் தொல்லையில்லை.

எத்தனை வாங்குவது? இரண்டு என்பது வழக்கம்; மூன்று உத்தமம். ஒன்று வீட்டில், ஒன்று வயலில், ஒன்று மாற்று. வீட்டிலுள்ளதை எப்பொழுதும் வயது முதிர்ந்த பெண்டிரே கையாள நேரும். ஆதலால் பொத்தான்கள் குறைவாகவும், பெரிதாகவும், தவறி அழுந்தாதபடி பூட்டக்கூடியனவாகவும் இருத்தல் வேண்டும். பொத்தானை அழுத்தி ஒரு நொடி கழித்தே பேசவேண்டும். இன்றேல் முதற்சொல் அறுந்துபோகும். “வேண்டாம் இறங்காதே” என்பது “இறங்காதே” எனக் கேட்டால் பழுதில்லை. “மோட்டார் போடாதே, கம்பி அறுந்து கிடக்கிறது” என்பதில் முன்பாதி அறுந்தால் என்னாகும்? ஒருவர் பேசும்போது மற்றவர் பேச இயலாதாகையால், முடிந்ததைத் தெரிவிக்க ‘ஓவர்’ என்றோ ‘சரி’ என்றோ ஒரு சொல்லை வீட்டார் அனைவரும் பழக வேண்டும். புயல் வேளையில் ஒவ்வொரு மணியின் தொடக்கத்திலும் 5 நிமிஷம் மட்டும் கருவியைத் திறந்து காத்திருப்பதென்று முன்னதாகவே பேசிவைத்தால், ஒருநாள் பாட்டரி பல நாள் வரும்.

கிராம நிர்வாக அலுவலர்களும் ஊராட்சித் தலைவர்களும் ஒரு விஷயத்தை நினைவிற்கொள்ள வேண்டும். தாலுகா தலைமையிடம் வரை செய்தி கொண்டுசெல்ல இச்சிறு கருவி உதவாது. ஏரிக்கரையில் உடைப்பைக் கண்காணிக்கும் ஆட்களுக்கும் ஊர்ச் சாவடிக்கும் இடையே அது மிக உதவும். தொலைதூரத்துக்கு, பரீட்சையில் தேறி உரிமம் பெற்ற அமெச்சூர் வானொலிக்காரர் எவரேனும் ஜில்லாவில் உண்டா என்பதை முன்னரே விசாரித்து வைப்பது நன்று.

உபயோகமற்ற மாதங்களில் பென்சில் பாட்டரிகளைக் கழற்றிவிட வேண்டும். கழற்றாவிடில் கசிந்து உட்புறத்தை அரித்துவிடும். லித்தியம் பாட்டரியைப் பாதி நிரப்பி, வெயில் படாத உலர்ந்த இடத்தில் வைக்கலாம். புரட்டாசி முடியுமுன் எடுத்து முழுதும் நிரப்பி, ஒருமுறை அக்கரைக்குச் சென்று பத்துவரை எண்ணிப் பார்த்துவிட வேண்டும்.