தாயத்தும் தகப்பனுடைய கரமும்

காப்புக்காகக் கழுத்திலும் இடுப்பிலும் கட்டிக்கொள்ளுகிறவைகளைக் குறித்து இம்மாதம் தியானிப்போம்.

மரக்காணம் உப்பளக் கரையில் வீடு சந்திக்கப் போகும்போது, பிள்ளைகளின் அரைஞாண் கயிற்றில் தாயத்தைப் பார்க்கிறேன். எழுதின தகட்டைச் சுருட்டி, சிறு குப்பியில் அடைத்திருக்கும். கேட்டால், "ராத்திரியில வீறிட்டு அழுவுதுங்க ஐயா, அதான் கட்டினேன்" என்பார்கள். அந்தத் தாயை நான் பரியாசம்பண்ணமாட்டேன். குப்பிக்குள் அடைபட்டிருப்பது அவளுடைய பயந்தான்.

1. இது பழைய பயம்

நம் முன்னோர் பிள்ளைகளுக்கு ஐம்படைத் தாலி அணிவித்தார்கள். சங்கு, சக்கரம், வில், வாள், கதை என்னும் திருமாலின் ஐந்து ஆயுதங்களைச் சிறிதாகச் செய்து கோத்த அணி அது. மழலை பேசும் பிள்ளையின் எச்சில் அதை நனைப்பதை மணிமேகலை காட்டுகிறது. தாலி களையாத இளம் பருவத்திலேயே போருக்குப் போன பாண்டியன் நெடுஞ்செழியனைப் புறநானூறு 77-ம் பாட்டு சொல்லுகிறது. அரசன் வீடானாலும் தாய்க்குப் பயம் ஒன்றே.

2. எகிப்தின் காப்பு காத்ததா?

முதல் நூற்றாண்டில் எகிப்திலிருந்து வாணிபம் செய்த கிரேக்கர் ஒருவர் எழுதிய பெரிப்ளூஸ் என்னும் நூல், நம் கரையில் சோபட்மா என்ற துறைமுகத்தைச் சொல்லுகிறது. அது மரக்காணமே என்பது ஆராய்ச்சியாளர் பலருடைய கருத்து. அந்த எகிப்திலே, இஸ்ரவேலர் அடிமைப்பட்டிருந்த தேசத்திலே, காப்பு அணியாதவர் அரிது. ஹோரஸ் தேவனின் கண்ணையும் வண்டு உருவத்தையும் பொன்னிலும் கல்லிலும் செய்து அணிந்தார்கள். 1922-ல் கல்லறை கண்டுபிடிக்கப்பட்ட துத்தன்காமன் ராஜாவின் உடலில், துணிச் சுற்றுகளுக்குள் 143 நகைகளும் காப்புகளும் மற்றப் பொருள்களும் இருந்தன.

ஆனால் கவனியுங்கள். ஏறக்குறைய கி.மு. 1110-ல், ஒன்பதாம் ராம்சேஸ் காலத்தில், கல்லறைத் திருடர் விசாரிக்கப்பட்டார்கள். சோபெகெம்சாஃப் என்னும் ராஜாவின் கழுத்திலிருந்த பொன் காப்புகளைக் கழற்றிக்கொண்டு, பெட்டிகளுக்குத் தீ வைத்ததாக ஒப்புக்கொண்டார்கள். காப்பு ராஜாவையும் காக்கவில்லை, தன்னையும் காத்துக்கொள்ளவில்லை!

3. யாக்கோபின் வீட்டார் செய்தது

அவர்கள் அந்நிய தெய்வங்களோடு காதணிகளையும் கொடுத்துவிட்டார்கள். யாக்கோபு அவைகளைச் சீகேம் ஊர் அருகே மரத்தடியில் புதைத்தான் (ஆதி. 35:4). அடுத்த வசனத்தைப் பாருங்கள். ஒரு காப்பும் இல்லாமல் பிரயாணப்பட்ட அந்தக் குடும்பத்தைச் சுற்றுப்பட்டணத்தார் பின்தொடரவில்லை. தேவனே வேலியாயிருந்தார்.

4. நம் வீட்டைச் சோதிப்போம்

"நாங்கதான் எல்லாத்தையும் அறுத்துப் போட்டுட்டோமே" என்கிறீர்களா? தலையணைக்கு அடியில் வேதப்புத்தகத்தை வைத்து, திறந்து வாசிக்காமலே தூங்கினால், அதையும் தாயத்தாக்கிவிட்டோம். ஜெபித்த எண்ணெயைப் பூசிவிட்டு, வைத்தியத்தைத் தள்ளிப்போட்டாலும் அப்படியே.

நம் பாத்தியில் விளையும் உப்பையே எடுத்துக்கொள்ளுங்கள். திருஷ்டி கழிக்க மிளகாயோடு சுற்றி அடுப்பில் போடுகிறார்கள். அது வெடிக்கும், அவ்வளவுதான். பிள்ளைக்குப் பேதி கண்டால் அதே உப்பு வேறு வேலை செய்யும். கொதித்து ஆறின ஒரு லிட்டர் தண்ணீரில் தலைதட்டின அரை டீஸ்பூன் உப்பும், தலைதட்டின 6 டீஸ்பூன் சர்க்கரையும் கரைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். தாய்ப்பாலை நிறுத்தாதிருங்கள். கண் குழிவிழுந்தாலோ, பிள்ளை துவண்டாலோ, உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள். ஜெபித்துக்கொண்டே ஓடுங்கள்.

அண்டை வீட்டுப் பிள்ளையின் கயிற்றை அறுக்கப் போகாதிருங்கள். அந்தப் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்த இரவில் தாயோடு உட்கார்ந்திருங்கள். தகப்பனுடைய கரம் எப்படிப்பட்டதென்று அவள் அப்பொழுது அறிந்துகொள்வாள். ஆமென்.