செவ்வாயில் ஓடிய பொது நிரல்

கேள்வி: ஒவ்வொரு விண்கலத்துக்கும் மென்பொருளைப் புதிதாகத்தான் எழுதுகிறார்களா?

பதில்: முழுவதும் எழுத வேண்டியதில்லை. கட்டளையை வாங்குவது, கருவிகளின் நிலையைப் பூமிக்கு அனுப்புவது எல்லாம் எந்தக் கலத்துக்கும் பொதுவான வேலைதானே! நாசாவின் ஜெட் புரொபல்ஷன் ஆய்வகம் அவற்றைத் தனித்தனிப் பாகங்களாக எழுதி, 'எஃப் பிரைம்' என்ற பெயரில் 2017இல் மூல நிரலோடு எல்லோருக்கும் திறந்துவிட்டது. 2021 ஏப்ரல் 19 அன்று செவ்வாயில் எழும்பிய இன்ஜெனியூட்டி ஹெலிகாப்டரில் லினக்ஸின் மேல் ஓடியது இதுதான். ஐந்து முறை பறக்கத் திட்டமிட்டு அனுப்பினார்கள். 72 முறை பறந்தது. குட்டிச் செயற்கைக்கோள் செய்யும் கல்லூரி மாணவர்களும் இன்று அதே நிரலை இலவசமாக எடுத்துக்கொள்ளலாம். எனக்கு இதுதான் பெரிய விஷயம். ஆனால் புதிய கலத்தில் மறுபடி சோதித்தே ஆக வேண்டும். ஏரியான்-4 ராக்கெட்டின் நிரலில் ஒரு பகுதியை அப்படியே பயன்படுத்திய ஏரியான்-5 ராக்கெட், 1996இல் கிளம்பிய சுமார் 40 விநாடிகளில் சிதறியது.