பாதியில் வாடகையை உயர்த்தலாமா?

கேள்வி: திருச்சியில் ஒரு மாடிப் போர்ஷனில் வாடகைக்கு இருக்கிறோம். 11 மாத ஒப்பந்தம், முடிய இன்னும் 5 மாதம் இருக்கிறது. வாடகை 12,000 ரூபாய். புதுப்பிக்கும்போது 5 சதவீதம் கூட்டித் தருவதாக எழுதியிருக்கிறோம். ஆனால் வீட்டுக்காரர், அடுத்த மாதமே 15,000 வேண்டும் என்று வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டார். தராவிட்டால் தண்ணீர் மோட்டார் போடமாட்டாராம். கட்டித்தான் ஆகவேண்டுமா?
– ஒரு வாசகி

பதில்: வேண்டியதில்லை, அம்மா. 1960-ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் இப்போது இல்லை. அதன் இடத்தில் 2017-இல் இயற்றப்பட்ட புதிய சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நகர்ப்பகுதிகளில் நடைமுறையில் இருக்கிறது. ஆண்டுக்கு 10 சதவீதம் கூட்டச் சட்டமே சொல்கிறது என்று பலரும் நம்புகிறார்கள். அப்படி எந்தச் சதவீதமும் அதில் கிடையாது. வாடகை உயர்வு ஒப்பந்தத்தில் எழுதியபடியே இருக்கவேண்டும் என்றுதான் சொல்கிறது. உங்கள் ஒப்பந்தப்படி உயர்வு புதுப்பிக்கும்போதுதான். அதுவும் 600 ரூபாய். நடுவில் கூட்ட ஒரு வழி உண்டு: வேலை தொடங்குமுன்பே உங்களோடு பேசி ஒப்புக்கொண்டு, வீட்டில் புதிதாக ஏதாவது கட்டியோ மாற்றியோ செலவழித்திருந்தால் கூட்டலாம். பழுதுபார்த்தது அதில் சேராது.

ஒப்பந்தத்தை வாடகை அதிகாரியிடம் பதிவு செய்தீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. எனக்குக் கவலை தருவது அதுதான். 11 மாதம்தானே, பதிவு தேவையில்லை என்று முத்திரைத்தாளில் கையெழுத்தோடு விட்டுவிடும் பழக்கம் இன்னும் போகவில்லை. புதிய சட்டத்தில் காலம் எவ்வளவு குறைவாக இருந்தாலும் பதிவு கட்டாயம். பதிவில்லாத தாளைச் சான்றாகக் காட்டமுடியாது. அந்த 5 சதவீதமும் அதோடு போய்விடும். முறையான எழுத்து ஒப்பந்தம் இல்லாததையே காரணமாக்கி, வீட்டைக் காலி செய்யக் கோரி வீட்டுக்காரர் வாடகை நீதிமன்றத்துக்குப் போகவும் முடியும். பதிவுக்கு நீங்களே விண்ணப்பிக்கலாம், அரசின் இணையதளம் இருக்கிறது. இந்த வாரமே அதைப் பாருங்கள்.

கோபத்தில் வாடகையை மட்டும் நிறுத்திவிடாதீர்கள். நியாயம் முழுக்கத் தங்கள் பக்கம் இருந்தும், பாக்கி வைத்ததாலேயே வீட்டை இழந்தவர்கள் உண்டு. 12,000 ரூபாயை வழக்கமான தேதியில் வங்கி வழியாக அனுப்புங்கள். வாங்க மறுத்தால் தபாலிலோ வேறு வழியிலோ தொடர்ந்து இரண்டு மாதம் அனுப்பிப் பாருங்கள். அப்போதும் மறுத்தால் வாடகை அதிகாரியிடமே செலுத்தலாம்.

ஒப்பந்தம் முடிந்த பிறகு நிலைமை வேறு. புதுப்பிக்காமலே குடியிருந்தால் அதே வாடகையில் மாதாமாதம், அதிகபட்சம் 6 மாதம் நீடிக்கும். ஆகவே புது ஒப்பந்தப் பேச்சை இப்போதே தொடங்குங்கள்.

தண்ணீர் விஷயத்தில் பொறுமை வேண்டாம். குடிநீர், மின்சாரம் போன்றவற்றை நிறுத்துவதைச் சட்டம் தடை செய்திருக்கிறது. வாடகைத் தகராறு அதற்குச் சாக்காகாது. மோட்டார் நின்றால் அன்றைக்கே வாடகை அதிகாரியிடம் மனு கொடுங்கள். விசாரணை முடியுமுன்பே தண்ணீர் விடச் சொல்லி இடைக்கால உத்தரவு போட அவருக்கு அதிகாரம் உண்டு. அந்த வாட்ஸ்அப் செய்தியை அழித்துவிடாமல், மனுவோடு இணையுங்கள்.