நம் காலுக்குத் தெரியாத அதிர்வு

“டீச்சர், சுனாமி வருவது திருக்கோவில் கரைக்கு. அதிர்வை அளக்கும் கருவியை ஏன் உள்ளே அம்பாறைப் புத்தங்கலவில் வைத்திருக்கிறார்கள்?” என்று மாணவி ஒருவர் என்னிடம் கேட்டார். நல்ல கேள்வி. பெற்றோரும் அறிய வேண்டிய விடயம் என்பதால் இங்கே எழுதுகிறேன்.

நில அதிர்வுமானி மிக நுண்ணிய அசைவையும் பதியும். கரையில் அலை மோதுவதும் வீதியில் லொறி ஓடுவதும் அதற்கு இரைச்சல். நமது கரையோ மணல். ஆகவே கடலை விட்டு விலகி, உறுதியான பாறை உள்ள இடத்தில் அதை வைக்கிறார்கள். இலங்கையில் புவிச்சரிதவியல் அளவை, சுரங்கப் பணியகம் பல்லேகல, ஹக்மன, மஹகனதராவ, புத்தங்கல ஆகிய இடங்களில் நிலையங்களைக் கொண்டுள்ளது.

ஒரு நிலையம் போதாதா? போதாது. புவி நடுங்கும்போது முதன்மை அலை முந்தியும் துணை அலை பிந்தியும் வருகின்றன. கிட்டிய நடுக்கமாயின், இரண்டுக்கும் இடைப்பட்ட செக்கன்களை 8ஆல் பெருக்கினால் தூரம் ஏறத்தாழக் கிலோமீற்றரில் கிடைக்கும். இடைவெளி 10 செக்கன் என்றால் தூரம் 80 கிலோமீற்றர். ஆனால் எந்தத் திசையில்? கவராயத்தை எடுத்து நிலையத்தைச் சுற்றி ஒரு வட்டம் வரையுங்கள். இரண்டாம் நிலையத்தின் வட்டம் அதை இரு புள்ளிகளில் வெட்டும். மூன்றாவது வட்டமே இடத்தை உறுதிசெய்யும். இதற்கு ஒவ்வொரு நிலையத்திலும் அந்த இடைவெளியைத் துல்லியமாக அளக்க வேண்டும். ஒரு செக்கன் பிழைத்தாலும் இடம் சில கிலோமீற்றர் விலகிவிடும்.

2004 டிசம்பர் 26 அன்று காலை 6.58க்குச் சுமாத்திராவுக்கு அருகே கடலடி நடுங்கியது. நான்கு நிமிடங்களுக்குள் அந்த அதிர்வு பல்லேகலவை எட்டிப் பதிவானது. ஹவாயில் உள்ள பசுபிக் சுனாமி எச்சரிக்கை நிலையம் 16 நிமிடங்களில் தன் முதல் அறிவித்தலை விடுத்தது. ஆனால் அதில் அளவு 8.0 என்றே இருந்தது. உண்மை அளவு 9.1. இந்து சமுத்திரத்துக்கென எச்சரிக்கை முறையும் அன்று இல்லை. அலை நம் கரைக்கு வர இரண்டு மணித்தியாலத்துக்குச் சற்றுக் குறைவாகவே எடுத்தது. பதிவு இருந்தது, நேரமும் இருந்தது. செய்தியைக் கரைக்குக் கொண்டுவரும் வழி இருக்கவில்லை. அம்பாறை மாவட்டத்தில் மட்டும் 10,000க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர்.

நடுக்க மையத்துக்கு அருகில் இருந்த சிமெலூ தீவில் ஏழு பேரே இறந்தார்கள். பூமி பலமாக நடுங்கினால் மலைக்கு ஓடு என்று மூத்தோர் சொல்லிவந்த பாடம் அவர்களைக் காத்தது. நமக்கு அந்தப் பாடம் மட்டும் போதாது. 1,600 கிலோமீற்றருக்கு அப்பால் நடுங்குவதை நம் கால்கள் பெரும்பாலும் உணர்வதில்லை. நமக்காக உணர்வது இந்த வலையமைப்புத்தான்.

இன்று இந்தியா, இந்தோனேசியா, அவுஸ்திரேலியா ஆகிய நாடுகளின் நிலையங்கள் தரும் தகவல் நமது வளிமண்டலவியல் திணைக்களத்துக்கு வருகிறது. அங்கிருந்து அனர்த்த முகாமைத்துவ நிலையம் வழியாக ஊர்களுக்கு வருகிறது. 2012 ஏப்ரல் 11 அன்று 8.6 அளவில் நடுங்கியபோது எச்சரிக்கை வந்தது; கரையோர மக்கள் உள்ளே சென்றார்கள். பெரிய அலை வரவில்லை. கடலடிப் பாறைகள் மேலெழாமல் பக்கவாட்டில் நகர்ந்ததே காரணம். “சும்மா ஓடவைத்தார்கள்” என்று சொல்வோர் உண்டு. நான் அப்படி நினைக்கவில்லை. நடுக்கத்தின் இடமும் அளவும் சில நிமிடங்களில் தெரியும். நீர் எழுந்ததா என்பதைக் கடல்மட்ட மானிகளும் ஆழ்கடல் மிதவைகளுமே சொல்லும். அதற்குக் கூடுதல் நேரம் தேவை. அது தெரியும்வரை மேட்டில் காத்திருப்பதே புத்தி.

பெற்றோர்களே, எச்சரிக்கை வந்தால் எந்தப் பாதையால் போவது, எங்கே ஒன்றுசேர்வது என்பதைப் பிள்ளைகளுடன் இன்றே பேசி முடிவுசெய்யுங்கள். நவம்பர் 5 உலக சுனாமி விழிப்புணர்வு நாள். அன்று அந்தப் பாதையில் ஒருமுறை நடந்து பாருங்கள். முயற்சியை நாம் செய்வோம்; பின் அல்லாஹ்விடம் தவக்குல் வைப்போம்.