வெளிமாநிலக் காரும் நாமும்

இராமானுசர் மறைபொருள் அறியத் திருக்கோஷ்டியூருக்குப் பதினெட்டு முறை நடந்தார் என்பர் பெரியோர். வெளிமாநில வியாபாரியிடம் பழைய ஸ்போர்ட்ஸ் கார் வாங்கும் நம் இளைஞரும், தாள்களைப் பாராவிடில், போக்குவரத்து அலுவலகத்துக்கு அத்தனை முறை நடக்க நேரும்.

1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 48ஆம் பிரிவுப்படி, காரைப் பதிந்த அலுவலகத்தின் தடையில்லாச் சான்று இன்றியமையாதது. ஆர்.சி. புத்தகத்திலுள்ள சேஸிஸ், எஞ்சின் எண்கள் வண்டியில் உள்ளவற்றோடு ஒத்திருக்க வேண்டும். அதன்மேல் கடன் நிற்கக் கூடாது. பன்னிரண்டு மாதங்களுக்கு மேல் இங்கு வைத்திருந்தால், 47ஆம் பிரிவுப்படி நம் மாநிலப் பதிவெண் பெறவேண்டும். சாலை வரியும் உண்டு. அதையும் கூட்டிப் பார்த்தால், மலிவு என்று தோன்றிய விலை மலிவாயிராது.

ஆகவே நண்பர்களே, பளபளப்பில் மயங்கி முன்பணம் நீட்டாதீர்கள். முதலில் சான்றைக் கேளுங்கள்.