கைப்பேசியில் பெரிய புதுப்பிப்பு: உடனே ஏற்பதா, பொறுத்திருப்பதா?



இன்று நம் கல்லாவும் பேரேடும் பாதிக்கு மேல் கைப்பேசிக்குள் சென்றுவிட்டன. யு.பி.ஐ. வரவு, வாட்ஸ்அப்பில் வரும் ஆர்டர், பில் போடும் செயலி, பற்று வரவுக் கணக்கு எல்லாம் அதில்தான். அப்படிப்பட்ட கருவி "புதிய பதிப்பு தயார், நிறுவலாமா?" என்று கேட்டதும், யோசிக்காமல் தொட்டுவிடுவோர் சிலர். ஆண்டுக்கணக்கில் கண்டுகொள்ளாதவர் சிலர். இரண்டும் வியாபாரத்துக்கு நல்லதல்ல.

இரு வகை உண்டு

ஆண்ட்ராய்டு, ஐ.ஓ.எஸ். என்பவை கைப்பேசியை இயக்கும் அடிப்படை மென்பொருள்கள். இவற்றுக்கு வரும் சிறிய பாதுகாப்புத் திருத்தம், திருடன் நுழையும் ஓட்டையை அடைப்பது. ஆண்ட்ராய்டு 14-லிருந்து 15-க்கு மாறுவது போன்றது பெரிய மாற்றம்.

பாதுகாப்புத் திருத்தத்தை மாதக்கணக்கில் தள்ளிப் போடக் கூடாது. 2017 மார்ச்சில் விண்டோஸ் கணினிகளுக்கு மைக்ரோசாப்ட் ஒரு திருத்தம் வெளியிட்டது. அதைப் போடாமல் விட்ட கணினிகளே அவ்வாண்டு மே மாதம் 'வான்னாக்ரை' தாக்குதலில் பெருமளவில் சிக்கின. கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்டார்கள். கைப்பேசிக்கும் இதே பாடந்தான்.

அவசரமும் ஆகாது. 2014 செப்டம்பரில் ஐ.ஓ.எஸ். 8 வந்த ஒரு வாரத்தில், அதன் பிழைகளைத் திருத்த 8.0.1 வந்தது. அதை நிறுவிய ஐபோன் 6 பலவற்றில் சிக்னலே போயிற்று. ஆப்பிள் அன்றே அதைத் திரும்பப் பெற்றது. எனவே சிறிய திருத்தத்துக்குச் சில நாட்களும், பெரிய மாற்றத்துக்குச் சில வாரங்களும் பொறுப்பது நலம்.

எங்கே இடிக்கும்?

பெரும்பாலும் சிக்கல் வருவது பழைய செயலிகளில்தான். 2017-இல் வந்த ஐ.ஓ.எஸ். 11-இல் பழைய 32 பிட் செயலிகள் இயங்கவில்லை. 2021-இல் வந்த ஆண்ட்ராய்டு 12, புளூடூத் கருவிகளுடன் இணையச் செயலிகளுக்குத் தனி அனுமதியை ஏற்படுத்தியது. பில் பிரிண்டர் வைத்திருப்போர் இதைக் கவனிக்க வேண்டும். 2023-இல் வந்த ஆண்ட்ராய்டு 14, மிகப் பழைய பதிப்புகளுக்காக எழுதப்பட்ட செயலிகளைப் புதிதாக நிறுவ விடுவதில்லை.

பெரிய மாற்றத்துக்குப் பின் பழைய பதிப்புக்குத் திரும்புவது எளிதல்ல. பல கைப்பேசிகளில் முடியாது. முடிந்தாலும் உள்ளிருக்கும் விவரங்கள் அழிந்துவிடும்.

நாம் செய்ய வேண்டியவை

1. பில் செயலி கொடுத்தவரிடம், புதிய பதிப்பில் அது ஓடுமா என்று முதலில் கேளுங்கள்.

2. கணக்கு, வாடிக்கையாளர் எண்கள் ஆகியவற்றை வேறிடத்தில் நகல் எடுத்து வையுங்கள். நகல் திறக்கிறதா என்றும் பாருங்கள்.

3. இரண்டு கைப்பேசி இருந்தால், கல்லாவில் இல்லாததில் முதலில் போட்டுப் பாருங்கள்.

4. நாள் பாருங்கள். ஐபோனின் பெரிய பதிப்பு வழக்கமாகச் செப்டம்பரில் வருகிறது. ஆயுத பூஜை, தீபாவளி வியாபாரம் நெருங்கும் நேரம். பண்டிகை முடியட்டும். மாதந்தோறும் ஜி.எஸ்.டி. கணக்குத் தாக்கல் செய்வோர் 11, 20 தேதிகளை ஒட்டித் தொட வேண்டாம். வார விடுமுறைக்கு முந்தைய இரவே ஏற்றது.

5. முடிந்ததும் ஒரு ரூபாய் வரவு, ஒரு பில், ஒரு அழைப்பு என்று சோதியுங்கள். அட்டையில் ஒட்டிய க்யூ.ஆர். குறியீட்டில் செலுத்தும் பணம், நம் கைப்பேசி அணைந்திருந்தாலும் வங்கிக்குச் சேரும். ஆனால் வந்ததா என்று அதில் பார்க்க முடியாது. அதற்கு மாற்று ஏற்பாடு வையுங்கள்.

6. குறுஞ்செய்தியிலோ வாட்ஸ்அப்பிலோ வரும் 'புதுப்பிப்பு' இணைப்பைத் தொடாதீர்கள். கைப்பேசியின் அமைப்புகள் பகுதியில் வருவது மட்டுமே உண்மையானது.

நிரந்தரமாக மறுப்பதும் வழியல்ல. காலப்போக்கில் செயலிகளே பழைய பதிப்பைக் கைவிடும். தயாரிப்பாளர் பாதுகாப்புத் திருத்தம் தருவதையே நிறுத்திவிட்ட கைப்பேசியைப் பணப் பரிமாற்றத்திலிருந்து விலக்கிவிடுங்கள். புதிதாக வாங்கும்போது, எத்தனை ஆண்டு திருத்தம் தருவார்கள் என்று கேட்டு வாங்குங்கள். சரக்குக்குக் காலாவதி தேதி பார்க்கும் நாம், கைப்பேசிக்கும் அதைப் பார்ப்போம்.